ஆறு மணிக்குள் இரண்டு சம்மதம்

அத்தியாயம் 11

போன வாரம் அண்ணியைச் சமையலறை வாசலில், கையில் டீ டம்ளரோடு நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாள். உள்ளே கூப்பிடுவோம்.

இடையில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர் லிஃப்ட் மெக்கானிக். சின்னவன் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே சோப்பு. பேச்சுதான் மூன்று வருடமாகக் கிடையாது. அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பெரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியூர் போயிருந்த சின்னவன் வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். மருத்துவமனை வராந்தாவில் சின்னவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "நீதானே கையெழுத்துப் போட்டே." அதோடு சரி.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் தபால் வேலை அண்ணிக்கு. பெரியவருக்கு மனைவி, சின்னவனுக்கு அண்ணி; நாமும் பத்து வாரமாக அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். நாற்பத்து நான்கு வயதில் கல்லூரிப் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள், அதுவும் ஃபோனிலேயே. பண்பாட்டு மானிடவியல், ஓர் அறிமுகம். மனிதர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதும் படிப்பு. கடைசிப் பாடத்துக்காக ஒரு குடும்பத்தை ஆறு வாரம் வெளியாள் கண்ணோடு கவனித்து எழுத வேண்டும். அவள் எந்தக் குடும்பத்தைத் தேடிப் போவாள்? தன் வீட்டையே எழுதி அனுப்பிவிட்டாள்.

போன வாரம் சின்னவன், அண்ணனுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "என்னை வேற ஊர்க் கிளைக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றான். பெரியவர், "எப்பக் கிளம்புறானாம்னு கேளு" என்றார். ஞாயிற்றுக்கிழமையாம். அதையும் சேர்த்து எழுதித்தான் அன்றிரவே அண்ணி குறிப்பை அனுப்பினாள். இன்று வெள்ளி.

காலை ஏழரைக்கு அண்ணியின் ஃபோன் அதிர்ந்தது. பேராசிரியை எழுதியிருந்தார்.

"உங்கள் குறிப்பை இரண்டு முறை படித்தேன். மிகவும் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கவனித்த இருவரின் சம்மதம் எங்கே? அவர்கள் இதைப் படித்து ஒப்புக்கொள்ளாமல் ஏற்க எனக்கு உரிமை இல்லை. இன்று மாலை ஆறு மணிக்கு, பாடம் அனுப்பும் இணையப் பக்கம் தானாகவே மூடிக்கொள்ளும்."

அண்ணி அதை இன்னொரு முறை படித்தாள். சம்மதம் வாங்குவது இரண்டாவது வாரப் பாடம். அந்த வாரத்து வீடியோவை லேபில் பிளாஸ்டர் ஊற்றியபடியே காதில் மாட்டிக் கேட்டாள். பேராசிரியையின் குரலுக்குத் தூக்கம் வரவழைக்கும் ஒரு மெதுமை உண்டு. முதலில் அனுமதி, பிறகு கவனிப்பு என்று அவர் சொன்ன இடத்தில் அண்ணி கண்ணைத் திறந்துகொண்டே எங்கேயோ போயிருந்தாள். விளைவு, ஆறு வாரம் கவனித்து முடித்துவிட்டு இப்போது அனுமதிக்கு வந்து நிற்கிறாள்.

இந்தப் பாடம் தேறினால்தான் அடுத்த பருவத்தில் சேரலாம். கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பு. மறுபடி படிக்க வேண்டும் என்ற ஆசையை இருபத்து மூன்று வருடம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததாலேயே அது உள்ளே பெரிதாக வளர்ந்திருந்தது.

மேஜையில் ரொட்டியும் முட்டையும் வைத்தாள்.

"இன்னிக்கு வர லேட்டாகுமான்னு கேளு" என்றார் பெரியவர், முட்டையைப் பார்த்து.

"அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேன்னு சொல்லுங்க அண்ணி. பெட்டி கட்டணும்."

"அட்டைப்பெட்டி எங்க கம்பெனியில நிறைய கிடக்குன்னு சொல்லு."

"கடையிலயே எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

ஆரம்பத்தில் அண்ணி ஒவ்வொன்றையும் மெனக்கெட்டு வாயால் திருப்பிச் சொன்னாள். ஒரு வருடத்தில் அது வெறும் தலையாட்டலாகக் குறைந்தது. இப்போது தலைகூட ஆடுவதில்லை, அவள் நின்றாலே போதும். தன் குறிப்பில் இப்படி எழுதியிருந்தாள்: "இந்த வீட்டில் இருவர் பேசிக்கொள்ள மூன்றாவது ஆள் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். அந்த ஆள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

"ரெண்டு பேரும் சாயங்காலம் எனக்கு ஒரு உதவி பண்ணணும்" என்றாள். "நான் எழுதினதைப் படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"இதுக்குப் போய் உதவின்னு சொல்லணுமா அண்ணி?" என்றான் சின்னவன்.

பெரியவர் டம்ளரைத் தூக்கவில்லை. கை அதன் மேலேயே இருந்தது. "பாக்கலாம்" என்றார். அன்று வழக்கத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லேபில் பதினொரு அச்சுகள் காத்திருந்தன. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்கள். பிளாஸ்டரைத் தண்ணீரில் குழைத்து, நடுங்கும் மேஜையின் மேல் அச்சை வைத்துச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நடுக்கத்தில் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும். பிறகு இறுகும் வரை காத்திருக்க வேண்டும். பிளாஸ்டர் இறுகும்போது தானாகவே சூடாகும். முன்பின் தெரியாத ஒருவரின் வாயைக் கையில் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் அண்ணிக்கு நாள் முழுவதிலும் பிடித்த நேரம்.

ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தூள் மிதந்துகொண்டிருந்தது. மேஜை ஒரே சுருதியில் முனகியது. அண்ணி மெல்ல நழுவினாள்.

தன் வீட்டு வாசலில் தானே புதிதாக வந்து நிற்பதாக நினைத்துக்கொண்டாள். சாவி கையில் இருக்கிறது, ஆனால் எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாது. உள்ளே உயரமான ஆண்கள் இரண்டு பேர். ஒரே மாதிரி காது, ஒரே மாதிரி புருவம். அவர்கள் பாஷை அவளுக்குப் புரியவில்லை. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழி விடுகிறார். தட்டில் கடைசியாக மிஞ்சும் ரொட்டியை இருவருமே எடுப்பதில்லை; மற்றவருக்கென்று விட்டுவிட்டுப் போகிறார்கள், அது காய்ந்துபோகிறது. பாஷை தெரியாத பெண் தன் நோட்டில் என்ன எழுதுவாள்? இந்த இருவரும் ஒருவரை ஒருவர் அளவுக்கு மீறி மதிக்கிறார்கள், நேராகப் பேசவே கூசுகிறார்கள் என்றுதான் எழுதுவாள். சண்டை என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

அந்தப் பெண்ணாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அண்ணிக்கு ஏக்கமாக இருந்தது.

"என்னம்மா, முழிச்சுக்கிட்டே தூங்குறியா?" லேப் முதலாளி தோளுக்குப் பின்னால் நின்றார். "அந்தக் கீழ்த்தாடை ரெண்டு மணிக்குப் போகணும்."

"போயிடும் சார். சார், ஒரு எட்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்துக்கட்டுமா?"

"பல்லு சம்பந்தமா?"

"வாய் சம்பந்தமா."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அண்ணி எட்டுப் பக்கக் குறிப்பையும் சம்மதப் படிவத்தையும் அச்செடுத்து, மூன்றரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சின்னவன் சொன்னபடி ஐந்து மணிக்கு வந்தான். இரண்டு கையிலும் மடித்த அட்டைப்பெட்டிகள். நகங்களில் வெளிறிய பச்சை.

"கடைசிப் பக்கம் எது அண்ணி?"

"படிச்சுட்டுத்தான் போடணும் தம்பி. விதி அப்படி."

"என்னைப் பத்தி நீங்க என்ன தப்பா எழுதிடப் போறீங்க? படிச்சுட்டேன்னு வெச்சுக்குங்க." நின்றபடியே கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு அறைக்குள் போய்விட்டான். பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கிர்ர்ரென்று வந்தது. இன்னும் இரண்டு நாளில் அந்த அறையில் ஒரு சத்தமும் இருக்காது என்ற நினைப்பு வந்ததும் அண்ணி கண்ணால் அவன் ரேடியோவைத் தேடினாள். அது ஏற்கெனவே பெட்டிக்குள் போயிருந்தது.

பெரியவர் வர ஐந்தே கால் ஆயிற்று. முகம் கழுவி வந்து உட்கார்ந்தார். அண்ணி தாள்களை அவர் முன்னால் வைத்தாள். அவர் சட்டைப் பையைத் தடவினார், பேண்ட் பையைத் தடவினார்.

"கண்ணாடியை லிஃப்ட் மேலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"கூண்டு மேல. கிரீஸ் போடும்போது கழட்டினேன். இந்நேரம் எட்டு மாடி ஏறி இறங்கிட்டிருக்கும்." தாளைக் கைக்கெட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எழுத்தே தெரியல. நீயே படி."

"நான் படிக்கக் கூடாதாம். எழுதினவங்க படிச்சா, சங்கடமானதை விட்டுட்டுப் படிச்சிடுவாங்களாம். வேற ஆள்தான் படிச்சுக் காட்டணும். எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? ஊரே கேக்கணுமா?"

"அப்ப யாரு இருக்கா?"

யார் இருக்கிறார் என்று இருவருக்கும் தெரியும். உள்ளே டேப் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

சின்னவன் வெளியே வந்தான். யாரையும் பார்க்காமல், ஜன்னலிடம் சொன்னான்: "நான் படிக்கிறேன்னு சொல்லுங்க அண்ணி."

"படிக்கட்டும்னு சொல்லு" என்றார் பெரியவர்.

அண்ணி அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

சாயங்கால வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. சின்னவன் முதல் பக்கத்தை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொன்னது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தான். தான் எழுதியது வேறொருவர் குரலில் வரும்போது, அண்ணிக்கு எங்கோ தூரத்தில் நடப்பதைக் கேட்பது போல இருந்தது.

"இந்தக் குடும்பத்தில் மூன்று பேர். பெரியவர், சின்னவர், ஆய்வாளர். பெரியவரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும் வரை சின்னவர் தம் அறையில் ரேடியோவை அணைப்பதில்லை. சத்தம் கேட்டதும் அணைத்துவிடுகிறார். ஆறு வாரத்தில் ஒரு நாளும் இது தவறவில்லை. வண்டி தாமதமான நாட்களில் இவர் ரேடியோவைக் கேட்கவும் இல்லை. ஒலியைக் குறைத்துவிட்டு வாசலை..."

அவன் நிறுத்தினான். காது சிவந்துவிட்டது. "அண்ணி, இதெல்லாமா எழுதுவாங்க?"

"படிக்காம கையெழுத்துப் போட்டது யாரு?"

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சின்னவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

"சின்னவரின் நகங்களில் தினமும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். மாலையில் டீ கொடுத்ததும் பெரியவர் முதலில் அந்த நகங்களைப் பார்க்கிறார். பிறகுதான் டம்ளரைத் தொடுகிறார்."

"நான் எங்க பாத்தேன்?" என்றார் பெரியவர், அண்ணியிடம்.

"தேதி போட்டிருக்கேன். வேணும்னா காட்டுறேன்."

சின்னவன் விரல்களைத் தாளுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டான். ஆனால் குரலில் இருந்த விறைப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. காய்ந்துபோகும் ரொட்டியைப் பற்றிப் படித்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பெரியவரும் மீசையைத் தடவுவது போல வாயை மறைத்துக்கொண்டார். மணி ஐந்தரை தாண்டியது. அண்ணி, இப்படியே இந்தக் குறிப்பு எட்டுப் பக்கத்தில் முடியாமல் எண்பது பக்கம் நீண்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது பக்கம்.

"பெரியவர் கையெழுத்துப் போடுவதில்லை. பார்சல் வந்தால் ஆய்வாளரைக் கூப்பிடுகிறார். குடியிருப்புச் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தாலும் கூப்பிடுகிறார். லிஃப்ட்டைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பதவி இவருக்கு வந்தபோது, அதில் நாள்தோறும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதற்காகவே வேண்டாம் என்றுவிட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்து ஆய்வாளர் அப்போது சண்டை போட்டார். இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. காரணமும் தெரி..."

சின்னவனின் குரல் நின்றது.

தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள் என்பது பேராசிரியை சொல்லிக்கொடுத்தது. அண்ணியும் அப்படியே எழுதினாள். எழுதியபோது அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. இப்போது, அந்த வரியை இந்தக் குரலில் கேட்டதும் தெரிந்துவிட்டது. அன்று மருத்துவமனை வராந்தாவில் சின்னவன் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அவளும்தான் நின்றிருந்தாள். வாய்ப்பேச்சுதானே, நாலு நாளில் ஆறிவிடும் என்று விட்டுவிட்டாள். மூன்று வருடம் இந்த மனிதரோடு ஒரே தலையணையில் தலை வைத்துப் படுத்தும் இதைப் பார்க்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

சின்னவன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மிச்சத்தையும் படித்தான். மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல், கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரை.

"சின்னவர் ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டை விட்டுப் போகிறார்."

 பெரியவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"என்னால முடியலம்மா" என்றார். "உன் படிப்புன்னு தெரியுது. கை வர மாட்டேங்குது."

"வேண்டாங்க. விட்டுடுங்க." அண்ணி அதை மனதாரச் சொன்னாள். "அடுத்த வருஷம் எழுதிக்கிறேன். எங்க ஓடிடப் போகுது?"

"இருங்க அண்ணி." சின்னவன் படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோய், அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். "கையெழுத்திட இயலாதவரிடம், வாசித்துக் காட்டியவர் நேரில் கேட்க வேண்டும். அவர் தம் வாயால் பதில் அளிக்க வேண்டும். அதை வாசித்தவர் எழுதி உறுதி செய்ய வேண்டும்."

ஒரு நாற்காலியை இழுத்துப் பெரியவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். படிவத்தில் அச்சடித்திருந்த கேள்வியை அப்படியே படித்தான்.

"தங்களைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்கக் கேட்டீர்களா?"

பெரியவரின் முகம் வழக்கம்போல மனைவி பக்கம் திரும்பியது. அண்ணி தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவர் முகம் திரும்பி வந்தது.

"கேட்டேன்."

மூன்று வருடத்தில் தம்பியிடம் முதல் வார்த்தை. அண்ணிக்குக் கண் கரித்தது.

"இதை அனுப்பத் தாங்கள் சம்மதிக்கிறீர்களா?"

பெரியவர் படிவத்தைப் பார்த்தார். "இப்படித்தான் ஒரு தாள்" என்றார். "டாக்டர் நீட்டினாரு. பத்து நிமிஷத்துல முடிவு சொல்லுங்கன்னாரு. உனக்கு நாலு தடவை ஃபோன் போட்டேன். நீ பஸ்ல இருந்தே, லைனே போகல." படிவத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். "லைன் போயிருந்தா, நீ என்னடா சொல்லியிருப்பே?"

சின்னவன் குனிந்து பார்த்தான். தரையில் கிடந்த வெயில் அவன் காலை விட்டு நகர்ந்திருந்தது.

"கையெழுத்துப் போடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் ஏன்டா அப்படிச் சொன்னே?"

"யாரையாவது திட்டணும் போல இருந்துச்சுண்ணா. பக்கத்துல நீதான் நின்னே."

பெரியவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சின்னவன் எழுந்து பக்கத்தில் போகவில்லை, எப்படிப் போவது என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. நாற்காலியை மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான், முழங்காலோடு முழங்கால் இடிக்கும் அளவுக்கு. அண்ணி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

"எழுதிக்கோ" என்றார் பெரியவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சம்மதம்தான். அவ நல்லாத்தான் எழுதியிருக்கா."

சின்னவன் பேனாவின் மூடியைத் திறந்தான். மணி ஐந்து ஐம்பத்தைந்து. படிவத்தைப் படம் எடுத்து அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அண்ணி ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இரு. ஒண்ணு கேக்கணும்." பெரியவர் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினார். பச்சை ஒட்டிய விரல்கள் அவர் பிடிக்குள் இருந்தன. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கா. அந்தக் கடைசி வரி மட்டும்..."

"எந்த வரி?"

"ஞாயித்துக்கிழமை போறாருன்னு எழுதியிருக்கே. அது உண்மையாடா?"

சின்னவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பதிலும் சொல்லவில்லை. ஃபோனில் ஐம்பத்தாறு ஐம்பத்தேழாயிற்று. அண்ணி அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.